கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூகுள் சம்மர் ஆஃப் கோடு என்பது என்ன?

யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய நிரலைக் கொண்ட கட்டற்ற மென்பொருள் உலகுக்குப் புதிதாக வருபவர்களை, அங்கே ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் வழிகாட்டிகளோடு இணைத்து, சில மாதங்கள் உண்மையான ஒரு மென்பொருளில் வேலை செய்ய வைக்கும் திட்டம் இது. 2005-ஆம் ஆண்டு ஏறத்தாழ 40 அமைப்புகளோடும் 400 மாணவர்களோடும் தொடங்கியது. இதுவரை 20,000-க்கும் மேற்பட்டோர் இதன் வழியாக வந்திருக்கிறார்கள். 2024-இல் 195 அமைப்புகளும் 2025-இல் 185 அமைப்புகளும் கலந்துகொண்டன. டெபியன், கேடிஇ, குனோம், போஸ்ட்கிரெஸ், எல்எல்விஎம், லிப்ரெஆபிஸ், விக்கிமீடியா என நாம் நாள்தோறும் பயன்படுத்தும் பல மென்பொருள்களின் பின்னாலிருக்கும் சமூகங்கள் இதில் பங்கேற்று வந்திருக்கின்றன.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது கூகுளில் வேலையோ பயிற்சிப் பணியோ அன்று. பணத்தையும் பொது ஏற்பாட்டையும் மட்டுமே கூகுள் பார்த்துக்கொள்கிறது. என்ன வேலை, யாருக்கு அந்த வேலை, அது சரியாக முடிந்ததா என்ற மூன்றையும் முடிவு செய்பவர்கள் அந்தந்த அமைப்பின் வழிகாட்டிகளே. ஆகவே உங்கள் முன்மொழிவை, அதாவது விண்ணப்பமாக நீங்கள் எழுதித் தரும் வேலைத் திட்டத்தை, வாசிக்கப்போகிறவர் மனிதவள அலுவலர் அல்லர்; அந்த நிரலைப் பல ஆண்டுகளாகத் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருபவர். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லா ஆலோசனைகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

யார் விண்ணப்பிக்கலாம்? மாணவராக இருப்பது கட்டாயமா?

2021 வரை மாணவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. 2022 முதல், 18 வயது நிறைந்து, கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவராக இருக்கும் எவரும் விண்ணப்பிக்கலாம். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கும், வேறு துறையில் பணிபுரிந்துகொண்டே நிரலெழுதக் கற்றவருக்கும் இன்று கதவு திறந்திருக்கிறது. இத்திட்டத்தில் இருமுறை தேர்வானவர் மூன்றாம் முறை வர இயலாது. பொறியியல் படித்திருக்க வேண்டும் என்ற விதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இயற்பியல், உயிரியல், மொழியியல் தொடர்பான மென்பொருள்களை உருவாக்கும் அமைப்புகளுக்கு அந்தத் துறை மாணவர்களின் அறிவு பெரிதும் தேவைப்படுகிறது.

வசிக்கும் நாட்டில் பணிபுரிய உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. அமெரிக்காவில் மாணவர் விசாவில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு. அவர்கள் விண்ணப்பிப்பதற்கு முன்பே தங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பயிற்சிப் பணிக்குரிய அனுமதி பெறும் வழியைத் தெரிந்துகொள்வது நல்லது.

கால அட்டவணை எப்படி இருக்கும்?

தேதிகள் ஆண்டுதோறும் சற்று மாறினாலும் வரிசை மாறுவதில்லை. பிப்ரவரி இறுதியில், தேர்வான அமைப்புகளின் பட்டியல் வெளியாகும். மார்ச் நடுப்பகுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் முன்மொழிவுகளைப் பதிவேற்றலாம். மே மாதத் தொடக்கத்தையொட்டி முடிவுகள் வரும். அதன்பின் சமூகத்தோடு பழகுவதற்கென்று சில வாரங்கள் ஒதுக்கப்படும். மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ நிரலெழுதும் காலம் தொடங்கும். வழக்கமான காலம் 12 வாரங்கள். வழிகாட்டி ஒப்புக்கொண்டால் 22 வாரங்கள் வரை நீட்டித்துக்கொள்ளலாம்.

இந்த அட்டவணையைக் கல்லூரி நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளின் பருவத் தேர்வுகள் ஏப்ரல், மே மாதங்களில் வருகின்றன. அதாவது, முன்மொழிவு எழுதும் நேரமும் சமூகத்தோடு பழகும் நேரமும் உங்களுக்குத் தேர்வுக் காலம். நவம்பர் வரை நீட்டித்தால் அடுத்த பருவத் தேர்வும் குறுக்கே வரும். இதை முன்மொழிவில் மறைக்காதீர்கள். “மே 5 முதல் 24 வரை எனக்குத் தேர்வுகள், அந்த நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க இயலாது, ஜூன் முதல் வாரத்திலிருந்து முழுநேரமும் கிடைப்பேன்” என்று எழுதியவரை எந்த வழிகாட்டியும் இந்தக் காரணத்துக்காக ஒதுக்கி நான் பார்த்ததில்லை. எதுவும் சொல்லாமல் மூன்று வாரம் காணாமல் போனவர்கள்தான் இடைக்கால மதிப்பீட்டில் தவறுகிறார்கள்.

எவ்வளவு உதவித்தொகை கிடைக்கும்? எப்படித் தருவார்கள்?

திட்டத்தின் அளவும் நீங்கள் வசிக்கும் நாடும் சேர்ந்தே தொகையை முடிவு செய்கின்றன. சிறிய திட்டம் ஏறத்தாழ 90 மணி நேரம், நடுத்தரத் திட்டம் 175 மணி நேரம், பெரிய திட்டம் 350 மணி நேரம். அண்மை ஆண்டுகளில் சிறியதற்கு 750 முதல் 1,650 டாலர், நடுத்தரத்துக்கு 1,500 முதல் 3,300 டாலர், பெரியதற்கு 3,000 முதல் 6,600 டாலர் என்ற வரம்பு இருந்துவருகிறது. 2017 முதல், நாட்டின் வாங்கும் திறனைக் கணக்கிட்டே தொகை வகுக்கப்படுவதால், இந்தியாவில் வசிப்போருக்கு இவ்வரம்பின் கீழ்ப்பகுதியே கிடைக்கும். பேயோனியர் என்னும் பணம் அனுப்பும் சேவை வழியாக, இடைக்கால மதிப்பீட்டில் தேறியபின் 45 விழுக்காடும் இறுதி மதிப்பீட்டில் தேறியபின் 55 விழுக்காடும் வரும். முன்பணம் கிடையாது. புதிய மடிக்கணினி வாங்க இந்தப் பணத்தை நம்பியிருப்பவர், அந்தப் பணம் வேலையில் பாதி முடிந்த பிறகே கைக்கு வரும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்கக் கட்டணம் உண்டா?

இல்லை. எந்தக் கட்டத்திலும் ஒரு ரூபாய்கூட இல்லை. “தேர்வாவது உறுதி” என்று சொல்லிக் கட்டணம் வாங்குபவர்களிடமிருந்தும், எழுதிமுடித்த முன்மொழிவை விலைக்குத் தருவதாகச் சொல்பவர்களிடமிருந்தும் விலகியிருங்கள். தேர்வு செய்யும் அதிகாரம் அவர்கள் யாரிடமும் இல்லை.

போட்டி எவ்வளவு கடுமையானது?

2025-இல் 15,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் தேர்வானோர் 1,200-க்குச் சற்று மேல். ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து அஞ்சுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. வந்துசேரும் முன்மொழிவுகளில் பெரும்பகுதி, எழுதியவர் அந்த மென்பொருளை ஒருமுறைகூடத் தன் கணினியில் இயக்கிப் பார்த்ததில்லை என்பதை முதல் பக்கத்திலேயே காட்டிவிடும். சென்ற ஆண்டு தேர்வான ஒருவரின் முன்மொழிவை அப்படியே எடுத்து, நடுவில் ஓரிடத்தில் அவருடைய பெயரை மாற்ற மறந்து அனுப்பப்பட்ட ஒன்றை நானே வாசித்திருக்கிறேன். இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் உண்மையான போட்டி மூன்று அல்லது நான்கு பேருக்குள்தான். அந்த நால்வரில் ஒருவராக நிற்பது உழைப்பால் ஆகக்கூடிய காரியம்.

எப்போது தொடங்க வேண்டும்?

அமைப்புகளின் பட்டியல் வரட்டும் என்று பிப்ரவரி வரை காத்திருப்பது பலர் செய்யும் தவறு. முந்தைய ஆண்டுகளின் பட்டியல்கள் பொதுவெளியில் இருக்கின்றன. பல அமைப்புகள் ஆண்டு தவறாமல் வருகின்றன. எனவே நவம்பர், டிசம்பரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சிறிய வழுக்களை (மென்பொருள் பிழைகளை) திருத்தத் தொடங்கிவிடலாம். அந்த அமைப்பு இந்த ஆண்டு தேர்வாகாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டைப் பயன்படுத்தவும், பெரிய நிரலைப் படிக்கவும், விமரிசனத்தை ஏற்றுத் திருத்தவும் பழகியவருக்கு, வேறோர் அமைப்பில் கால் ஊன்ற இரண்டு வாரம் போதும்.

இத்தனை அமைப்புகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

நீங்களே பயன்படுத்தும் மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். ஒரு மென்பொருளின் குறையால் நீங்களே ஒருமுறை எரிச்சலடைந்திருந்தால், அந்தக் குறையைப் பற்றி எழுத உங்களிடம் சொந்தச் சொற்கள் இருக்கும். அதற்கடுத்துப் பார்க்க வேண்டியது நிரல்மொழி: உங்களுக்குப் பைத்தான் மட்டும் தெரியுமென்றால், சி++ நிரல் நிறைந்த அமைப்பில் மூன்று மாதத்தில் கரையேறுவது கடினம்.

மூன்றாவதாக, யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று உங்கள் கணினி. எல்எல்விஎம், லிப்ரெஆபிஸ் போன்ற பெரிய மென்பொருள்களை முதன்முறை பில்ட் செய்வதற்கு (நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றுவதற்கு) 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் பல மணி நேரம் ஆகும். வட்டில் பல பத்து ஜிபி இடமும் போகும். ஒரு வரியை மாற்றிவிட்டு அரைமணி நேரம் காத்திருக்கும் நிலை வந்தால் ஆர்வம் தானாகவே வடிந்துவிடும். அப்படிப்பட்ட கணினி உள்ளவர்கள் பைத்தான் நூலகங்கள், இணையச் செயலிகள், சிறிய சி நிரல்கள் ஆகியவற்றின் பக்கம் செல்வதில் எந்தக் குறைவும் இல்லை. சிம்பை என்னும் கணித நூலகம் முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்டது. பழைய கணினியிலும் நிமிடங்களில் இறக்கி இயக்கலாம்.

இறுதியாக, அந்த அமைப்பின் மடற்குழுவையும் (மின்னஞ்சல் குழுவையும்) அரட்டை அறையையும் ஒரு வாரம் பேசாமல் கவனியுங்கள். புதியவரின் கேள்விக்கு எத்தனை நாளில், எந்தத் தொனியில் பதில் வருகிறது என்று பாருங்கள். முழுக் கோடையையும் அந்த மனிதர்களோடுதான் கழிக்கப்போகிறீர்கள்.

தமிழ் தெரிந்திருப்பது எந்த வகையிலாவது உதவுமா?

நிச்சயமாக உதவும், நம் மாணவர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் வருத்தம். ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். பைத்தானில் “தமிழ்” என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும். நம் கண்ணுக்கு அது மூன்றெழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக அது அமைந்திருப்பதே காரணம். அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி தன் எழுத்தை விட்டுப் பிரிந்து முன்னால் வந்து தனியாக நிற்கும். அகரவரிசைப்படுத்தச் சொன்னால், யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன-வும், ர-வுக்கு அடுத்து ற-வும் இருப்பதால், னகரமும் றகரமும் இறுதியில் வரவேண்டிய நம் வரிசை குலைந்துபோகும்.

இத்தகைய குறைகள் எழுதுகருவிகளிலும் தேடுகருவிகளிலும் விளையாட்டுகளிலும் இன்னும் இருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் அறிந்த நிரலாளரின் கண்ணில் இவை படுவதில்லை. உங்கள் கண்ணில் முதல் பார்வையிலேயே படும். நீங்கள் விரும்பும் மென்பொருளில் தமிழை உள்ளிட்டு, அழித்து, தேடி, வரிசைப்படுத்திப் பாருங்கள். எங்கே உடைகிறதோ அங்கே, திரைப்பிடிப்போடும் (ஸ்கிரீன்ஷாட்) மீண்டும் நிகழ்த்திக் காட்டும் படிகளோடும் ஓர் இஷ்யூவை, அதாவது குறை அறிக்கையை, பதியுங்கள். பலருக்கு முதல் பங்களிப்பின் வாசல் அங்கேதான் திறக்கிறது. கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வ அமைப்பு, 2013-இல் இத்திட்டத்தில் ஓர் அமைப்பாகவே தேர்வானது. நம்மைப் போன்ற மொழிச் சமூகங்களாலும் வழிகாட்டும் இடத்தில் அமர முடியும் என்பதற்கு அது சான்று.

நம் பகுதியிலிருந்து இதில் பெரிய அளவில் யாரேனும் சாதித்திருக்கிறார்களா?

இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சொல்ல வேண்டும். திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில், உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் அதுதான். பணக்கார நாடுகளின் புகழ்பெற்ற கல்விக்கூடங்களையெல்லாம் தாண்டி அது முன்னால் நின்றதற்கு, அப்போது அந்நாட்டில் உருவாகியிருந்த கட்டற்ற மென்பொருள் சூழல் துணைநின்றது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, காணாமல் போனவர்களைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் இலங்கை நிரலாளர்கள் ஒன்றுகூடிச் சகானா என்னும் மென்பொருளை எழுதினார்கள். அது பின்னர் உலகின் வேறு பேரிடர்களிலும் பயன்பட்டது. இத்திட்டத்தில் ஓர் அமைப்பாகவும் கலந்துகொண்டது. ஓராண்டு தேர்வான மூத்த மாணவர் அடுத்த ஆண்டு இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சங்கிலி ஒன்று அமைந்துவிட்டால், ஒரு கல்லூரி எவ்வளவு தூரம் போகும் என்பதை மொறட்டுவை காட்டியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் ஒரே ஒருவர் தேர்வாகியிருந்தாலும் அவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

வழிகாட்டிக்கு முதல் மடல் எப்படி எழுதுவது?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே விடை சொல்ல வேண்டும். முதல் மடலிலேயே பாதிப் பேர் வாய்ப்பை வீணாக்கிவிடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் ஒரு வழிகாட்டிக்கு வரும் பெரும்பாலான மடல்களின் சாரம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, நான் மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவன். எனக்குப் பைத்தான், ஜாவா, சி++ தெரியும். உங்கள் திட்டத்தில் மிகுந்த ஆர்வமாக இருக்கிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தயவுசெய்து வழிகாட்டுங்கள்.”

இதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ஆனால் விடை சொல்வதற்கு இதில் எதுவுமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்பது அமைப்பின் பக்கத்தில் முதல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். இதே மாணவர் இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டிருந்தால் இப்படி எழுதியிருக்கலாம்:

“வணக்கம். உங்கள் அமைப்பு வெளியிட்டுள்ள யோசனைப் பட்டியலில் உள்ள தரவு இறக்குமதித் திட்டத்தில் ஆர்வம் கொண்டு, நிரல் களஞ்சியத்தின் தற்போதைய நிரலை உபுண்டு 24.04-இல் பில்ட் செய்தேன். சோதனைகளில் இரண்டு தவறுகின்றன, பிழைச்செய்தியை இணைத்திருக்கிறேன். தேதியைப் படிக்கும் செயற்கூறு, இயங்குதளத்தின் மொழி அமைப்பைச் சார்ந்திருப்பது காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். இது ஏற்கெனவே தெரிந்த வழுவா, அல்லது தனி இஷ்யூவாகப் பதியலாமா?”

இரண்டாம் மடலுக்கு அன்றே பதில் வரும். எழுதியவரின் ஊகம் தவறாகக்கூட இருக்கலாம், அதனால் குறைவொன்றுமில்லை. அவர் முயன்று பார்த்தார், எங்கே நின்றுவிட்டார் என்பதைச் சொன்னார், அடுத்தவரின் நேரத்தை மதித்தார். இவை மூன்றும் அந்த மடலில் தெரிகின்றன.

மடலைத் தனிப்பட்ட முகவரிக்கு அனுப்பாமல், அமைப்பு சொல்லியிருக்கும் பொதுவான மடற்குழுவிலோ அரட்டை அறையிலோ எழுதுங்கள். அங்கே பதில் சொல்லப் பலர் இருப்பார்கள். உங்களுக்குக் கிடைக்கும் விடை மற்றவருக்கும் பயன்படும். மேலும், இந்தச் சமூகங்களில் ஐம்பது வயதுப் பேராசிரியரையும் பெயர் சொல்லியே அழைப்பார்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகாத நமக்கு முதலில் நாக்கு கூசும். ஆனாலும் வரிக்கு வரி “சார்” போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். எழுதியவர் ஆணா பெண்ணா என்று தெரியாமலேயே “சார்” என்று விளித்துவிடும் பிழையும் அதோடு ஒழியும்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அது தடையா?

பிழையில்லாத ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வழிகாட்டிகளில் பலருக்கே ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். குறுகிய வாக்கியங்களில், என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்ற வரிசையில் எழுதுங்கள். பெரும்பாலான உரையாடல் எழுத்திலேயே நடப்பதால் யோசித்து எழுத நேரமும் கிடைக்கும். தமிழ்வழியில் படித்தவர்கள், முன்மொழிவின் கருத்தை முதலில் தமிழில் எழுதித் தெளிவுபடுத்திக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் எழுதலாம். சிந்தனை தெளிவாக இருந்தால் மொழியின் குறையை வாசிப்பவர் பொறுத்துக்கொள்வார்.

விண்ணப்பிக்கும் முன் நிரல் பங்களிப்பு கட்டாயமா?

அமைப்புக்கு அமைப்பு மாறும். கிட் திட்டத்தில், விண்ணப்பதாரர் ஒரு சிறு மாற்றத்தைப் பேட்சாக (நிரல் மாற்றத்தைக் காட்டும் கோப்பாக) செய்து மடற்குழுவுக்கு அனுப்பி, அங்கு வரும் விமரிசனங்களுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். சிம்பையில் குறைந்தது ஒரு பேட்சாவது கொடுத்திருக்க வேண்டும். காணொளிகளைக் கையாளும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் தகுதிப் பணி என்று ஒன்றைத் தருகிறது. கட்டாயம் என்று சொல்லாத அமைப்புகளிலும், பங்களித்தவரும் பங்களிக்காதவரும் அருகருகே நின்றால் யார் தேர்வாவார் என்பது வெளிப்படை.

ஆனால் எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். ஆவணத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றி அனுப்பும் பத்து புல் ரிக்வெஸ்டுகள் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) உங்களுக்குப் பெருமை சேர்க்காது. அவற்றைப் படித்து மூடும் வேலைதான் மற்றவருக்குச் சேரும். 2020 அக்டோபரில், பங்களிப்பவர்களுக்கு இலவசச் சட்டை தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் இப்படி வெற்று மாற்றங்கள் வெள்ளமாக வந்து, பராமரிப்பாளர்கள் கொதித்தெழுந்த பிறகு, விருப்பம் தெரிவித்த களஞ்சியங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கசப்பு இன்னும் பலர் மனத்தில் இருக்கிறது. ஒரே ஒரு வழுவைத் தேடிப் பிடித்து, காரணத்தைக் கண்டறிந்து, திருத்தத்தோடு அதற்கான சோதனையையும் சேர்த்து அனுப்புங்கள். அது மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டால் மனம் தளராதீர்கள். விமரிசனத்துக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பதை வழிகாட்டி கவனித்துக்கொண்டிருக்கிறார். கோடை முழுவதும் உங்களோடு வேலை செய்ய முடியுமா என்று அவர் அறிய வேறு வழியில்லை.

முன்மொழிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

அமைப்பு ஒரு வார்ப்புரு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். எதுவும் கொடுக்கவில்லையென்றால், சிக்கல் என்ன, இப்போதைய நிரல் அதை எப்படிக் கையாளுகிறது, நீங்கள் எதை எந்தக் கோப்பில் மாற்றப்போகிறீர்கள், முடிவில் பயனருக்கு என்ன கிடைக்கும் என்பவற்றை முதலில் எழுதுங்கள். உங்களைப் பற்றிய பகுதி அரைப் பக்கம் போதும். பள்ளி மதிப்பெண்ணும் சான்றிதழ்களும் வேண்டாம். நீங்கள் அந்த அமைப்பில் செய்த பங்களிப்புகளின் இணைப்புகள் கட்டாயம் வேண்டும்.

வழிகாட்டி மிகக் கவனமாக வாசிக்கும் பகுதி கால அட்டவணை. “5-ஆம் வாரம்: தேடல் வசதியை உருவாக்குதல். 6-ஆம் வாரம்: சோதனை. 7-ஆம் வாரம்: ஆவணமாக்கம்” என்று எழுதினால், அந்த வேலையைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள். அதையே, “5-ஆம் வாரம்: அட்டவணைக் கோப்பைப் படிக்கும் செயற்கூறும் அதன் சோதனைகளும், ஒரு தனி புல் ரிக்வெஸ்டாக. 6-ஆம் வாரம்: முதல் ரிவ்யூவில் வரும் திருத்தங்கள், வினவலைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி, இங்கே இப்போதுள்ள பிரிப்பான் இந்திய மொழிகளின் துணைக்குறிகளைச் சரியாகக் கையாளாததால் கூடுதலாக இரண்டு நாள்” என்று எழுதினால், எங்கே சிக்கல் வரும் என்று முன்கூட்டியே பார்த்தவர் என்பது புலப்படும். ரிவ்யூவுக்கு, அதாவது மற்றவர்கள் நிரலைப் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு, நாட்கள் ஒதுக்காத அட்டவணை எதுவும் நடைமுறையில் நிற்பதில்லை. மணிக்கணக்கையும் போட்டுப் பாருங்கள்: 350 மணி நேரத்தை 12 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணி நேரம் வருகிறது. கல்லூரி நடக்கும் வாரங்களில் அது இயலாதென்றால் 175 மணி நேரத் திட்டத்தைக் கேளுங்கள்.

வரைவை முடித்தவுடன், இறுதி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே வழிகாட்டியிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். கடைசி மூன்று நாட்களில் அவரிடம் இருபது வரைவுகள் குவிந்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு முன்மொழிவை எழுதலாமா?

முதலில் அந்த அமைப்பின் விதியைப் படியுங்கள். ஜென்டூ என்னும் இயங்குதளத் திட்டம், 2024 ஏப்ரலில் இத்தகைய கருவிகளால் உருவாக்கப்பட்ட பங்களிப்புகளுக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே நெட்பிஎஸ்டி என்னும் மற்றோர் இயங்குதளத் திட்டம், முன்னனுமதி இல்லாமல் அத்தகைய நிரலைச் சேர்க்கக் கூடாது என்றது. 2025-இல் மெய்நிகர்க் கணினி மென்பொருளான கியூஎமுவும் அந்த வழியில் சென்றது. வேறு சில அமைப்புகள், பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொன்னால் போதும் என்கின்றன. விதி எதுவாக இருந்தாலும், இலக்கணத்தைச் சரிபார்க்க ஒரு கருவியை நாடுவதும் சிந்தனையையே அதனிடம் ஒப்படைப்பதும் வேறு வேறு. உங்கள் முன்மொழிவில் உள்ள ஒரு வரியைச் சுட்டி “இதை ஏன் இப்படிச் செய்ய நினைத்தீர்கள்?” என்று வழிகாட்டி கேட்டால், அந்த விடை உங்களிடமிருந்து வர வேண்டும். வராவிட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும்.

எத்தனை முன்மொழிவுகள் அனுப்பலாம்?

மூன்று வரை அனுப்பலாம். ஒன்றில்தான் தேர்வாக முடியும். இரண்டுக்கு மேல் ஆழமாக எழுத நேரம் இருக்காது என்பதால், ஒன்றையோ இரண்டையோ நன்றாக எழுதுவதே என் பரிந்துரை.

நல்ல முன்மொழிவு என்று பாராட்டிவிட்டுத் தேர்ந்தெடுக்காமல் விடுவார்களா?

ஆம், நடக்கும், அது உங்கள் குறை அன்று. ஒவ்வோர் அமைப்பும் தனக்கு இத்தனை இடங்கள் வேண்டும் என்று கூகுளிடம் கேட்கும்; கூகுள் ஒதுக்கும் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருக்கலாம். வழிகாட்டிகளின் எண்ணிக்கையும் குறுக்கே நிற்கும். ஒரே யோசனைக்கு இரண்டு சிறந்த முன்மொழிவுகள் வந்தால், ஒன்றை விட்டாக வேண்டும். இதனாலேயே பட்டியலில் எல்லோரும் மொய்க்கும் யோசனையைவிட, யாரும் பேசாத ஒன்றையோ, வழிகாட்டியோடு கலந்து நீங்களே உருவாக்கிய ஒன்றையோ எடுப்பவருக்கு வாய்ப்புக் கூடுகிறது.

பதிவேற்றும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

முன்மொழிவு பிடிஎஃப் கோப்பாக இருக்க வேண்டும். இறுதி நேரம் வழக்கமாகப் பன்னாட்டு நேரம் 18:00 மணி, அதாவது நமக்கு இரவு 11:30. காலக்கெடு முடியும்வரை கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், இரண்டு நாள் முன்பே ஒரு பதிப்பை ஏற்றிவிடுங்கள். நேரம் தவறினால் யாராலும் சேர்க்க முடியாது. ஊரில் மின்சாரம் இல்லை, இணையம் போய்விட்டது என்ற காரணங்கள் உண்மையாகவே இருந்தாலும் செல்லாது.

நான் பெண். இந்தச் சமூகங்களில் எனக்கு இடம் உண்டா?

இருக்கிறது, அதற்காகப் பலர் உழைத்திருக்கிறார்கள். 2006-இல் குனோம் அமைப்புக்கு இத்திட்டத்தின் வழியாக 181 பேர் விண்ணப்பித்தபோது அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. அதிர்ந்துபோன அந்தச் சமூகம், அதே ஆண்டு பெண்களுக்கென்று தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில், தொழில்நுட்பத்தில் ஒதுக்கப்பட்ட பல பிரிவினருக்கும் ஆண்டுக்கு இரு சுற்றுகள் நடக்கிறது; உதவித்தொகை 7,000 டாலர், நாட்டைப் பொறுத்து மாறுவதில்லை. இரண்டு திட்டங்களையும் பாருங்கள். சேரும் முன் அமைப்பின் நடத்தை நெறிகளையும், முறைகேடு நேர்ந்தால் யாரிடம் தெரிவிப்பது என்பதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வாகவில்லை. இனி என்ன செய்வது?

இரண்டு நாள் ஓய்வெடுங்கள். பிறகு வழிகாட்டிக்கு ஒரு சிறு மடல் எழுதி, எந்தப் பகுதி வலுவாக இல்லை என்று கேளுங்கள். பலர் பதில் தருவார்கள். பாதியில் நிற்கும் உங்கள் புல் ரிக்வெஸ்டை முடித்துக்கொடுங்கள். முடிவு வந்த மறுநாளே விண்ணப்பதாரர்களில் பெரும்பாலானோர் மறைந்துவிடுவதால், மே மாதத்திலும் வந்து ரிவ்யூவுக்குப் பதில் சொல்பவரை அந்தச் சமூகம் மறப்பதில்லை. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்எக்ஸ் வழிகாட்டுத் திட்டம் ஆண்டுக்கு மூன்று பருவங்களாக நடக்கிறது. கேடிஇ சமூகம் சீசன் ஆஃப் கேடிஇ என்று தனியாக ஒன்றை நடத்துகிறது. இவற்றில் எதற்கு விண்ணப்பித்தாலும், இந்த முறை எழுதிய முன்மொழிவையும், ஏற்கப்பட்ட பேட்சுகளின் இணைப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.